மீதி என்று காட்டும் பணம் நிஜமாகவே மீதியா?

அரசு மருத்துவமனையில் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறதா? கணக்கியல் பயிற்சி அப்புறம் இருக்கட்டும், முதலில் இதைச் செய்யுங்கள். மாத அறிக்கையில் வழக்கமாக ஒதுக்கீடு, செலவு, மீதி என்று மூன்று பத்திகள் இருக்கும். செலவுக்கும் மீதிக்கும் நடுவே இன்னொரு பத்தி போடுங்கள்: 'ஆர்டர் கொடுத்தாயிற்று, பில் வரவில்லை'.

மருந்துக்கான ஒதுக்கீடு 100 என்று வைத்துக்கொள்வோம். 60 செலவாகிவிட்டது. மீதி 40 என்கிறது அறிக்கை. ஆனால் சலைனுக்கும் ஊசி மருந்துகளுக்கும் கொடுத்த ஆர்டர் மட்டுமே 25 இருந்தால்? கையில் உண்மையாக இருப்பது 15தான். 40-ஐ நம்பிப் புது ஆர்டரில் கையெழுத்துப் போட்டால், நிதியாண்டு முடியும்போது சப்ளையரிடம் தவணை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த 25 எவ்வளவு என்பது பெரும்பாலும் கணக்குப் பிரிவுக்குத் தெரியாது. மருந்துக் கிடங்கில் இருப்பவருக்குத் தெரியும். அதனால் மாதம் ஒருமுறை நீங்களே அங்கே போய் ஆர்டர் கோப்பைப் புரட்டிப் பாருங்கள். போனில் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும்!

போன கையோடு அலமாரியையும் ஒரு பார்வை பாருங்கள். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகப் போகும் மருந்துகள் முன்வரிசையில் இருக்கிறதா? பின்னால் ஒளிந்திருந்தால் முன்னே இழுத்து வைக்கச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் இருந்தால், விதிகள் இடம் கொடுக்கும்பட்சத்தில், தேவைப்படும் இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம்.