வெப் ஹோஸ்டிங் வாங்கும் முன்: விளம்பரத்தில் இல்லாத எண்கள்

மணப்பாறையில் முறுக்கு போடும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். இதுவரை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தவர்கள், தீபாவளிக்கு முன் வேர்ட்பிரஸும் (தளம் கட்டும் மென்பொருள்) வூகாமர்ஸும் (அதில் கடை நடத்த உதவும் பிளகின், அதாவது இணைப்பு மென்பொருள்) போட்டு சொந்தத் தளம் திறக்கப் போகிறார்கள். ஐம்பது பண்டம், ஐந்நூறு படம், மாதம் பத்தாயிரம் பக்கப் பார்வை. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்கானது.

முதலில் ஒரு கேள்வி. ஆன்லைன் விற்பனை வேண்டாம், கடை முகவரி, விலைப்பட்டியல், போன் எண் இருந்தால் போதும் என்கிறீர்களா? அப்படியானால் ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கு, பணமே கொடுக்க வேண்டாம். டேட்டாபேஸ் இல்லாத நாலு பக்கத் தளத்தை கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இடத்தில் இலவசமாகவே வைக்கலாம். டொமைனுக்கு (தளத்தின் பெயருக்கு) மட்டும் ஆண்டுக்கட்டணம். இந்த வகையில் அடங்கும் பலர் மூன்று வருடத் திட்டம் வாங்கிவிட்டு, வேர்ட்பிரஸ் அப்டேட் செய்யாமல் ஹேக் ஆகி நிற்கிறார்கள்.

விற்பனை உண்டு என்பவர்களுக்கு மட்டும் மீதி.

எந்த எண் முக்கியம்

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது '100 ஜிபி எஸ்எஸ்டி, அன்லிமிடெட் பேண்ட்விட்த்'. நம் முறுக்குக் கடைக்கு வேர்ட்பிரஸ், பிளகின்கள், படங்கள் எல்லாம் சேர்ந்தாலும் 2 ஜிபி தாண்டாது. ஒரு பக்கம் 2 எம்பி என்றால் பத்தாயிரம் பார்வைக்கு மாதம் 20 ஜிபி பேண்ட்விட்த் (அனுப்பும் டேட்டா) போதும். ஆக, அந்த இரண்டு எல்லைகளையும் நீங்கள் தொடவே போவதில்லை. அதனால்தான் அவற்றைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது லைன் வீடு மாதிரி. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள் குடியிருக்கும், மோட்டார் ஒன்றுதான். ஒருவரே தண்ணீரை முழுக்க இழுத்துவிடக் கூடாதென்று, பெரும்பாலும் கிளவுட்லினக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் மூலம், ஒவ்வொரு கணக்குக்கும் அளவு கட்டியிருப்பார்கள். சிபியு, ரேம், என்ட்ரி பிராசஸ் (ஒரே நேரத்தில் கவனிக்கப்படும் கோரிக்கைகள்), ஐநோடு ஆகிய நான்கும்தான் உங்கள் தளத்தை நிறுத்தும் எல்லைகள். விலைப்பக்கத்தில் இல்லாவிட்டால் சாட்டில் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் 'எல்லாம் அன்லிமிடெட் சார்' என்று பதில் வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம்.

இவை எப்படி இடிக்கும் என்று பார்ப்போம். உங்கள் திட்டத்தில் 1 சிபியு கோர், 20 என்ட்ரி பிராசஸ். கேஷ் (முன்பே தயாரித்து வைத்த நகல்) இல்லாத ஒரு வூகாமர்ஸ் பக்கத்தைத் தயாரிக்க 0.4 நொடி சிபியு வேலை என்று கொள்ளுங்கள். நொடிக்கு இரண்டரைப் பக்கம்தான் வெளியே போகும். தீபாவளி ஆஃபரை மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறீர்கள், பத்து நொடிக்குள் 60 பேர் தட்டுகிறார்கள். நொடிக்கு ஆறு பேர் வருகிறார்கள், இரண்டரைப் பேர் வெளியேறுகிறார்கள், மூன்றரைப் பேர் வரிசையில் சேர்கிறார்கள். ஆறாவது நொடியில் வரிசை இருபதைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வருபவருக்கு முறுக்கு தெரியாது, '508' என்ற பிழைப் பக்கம்தான் தெரியும். இதற்கும் 100 ஜிபிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேஷ் போட்டால் கதை மாறும். முகப்பையும் பண்டங்களின் பக்கங்களையும் ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பியைத் தொடாமலே எடுத்துக் கொடுக்கலாம். லைட்ஸ்பீட் என்ற சர்வர் மென்பொருள் இருக்கும் இடத்தில் அதற்கான பிளகின் இலவசம், நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் கார்ட், செக்அவுட் பக்கங்கள் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அவற்றை கேஷ் செய்ய முடியாது. ஆகவே வலைப்பூ, நிறுவன அறிமுகத் தளம் போன்றவை 1 கோர், 1 ஜிபி ரேமில் பிழைத்துக்கொள்ளும். கடை என்றால் 2 கோர், 2 ஜிபி ரேம், 30க்குக் குறையாத என்ட்ரி பிராசஸ் கேட்டு வாங்குங்கள்.

ஐநோடு என்பது கோப்புகளின் எண்ணிக்கை. நீங்கள் ஏற்றும் ஒரு பெரிய படத்தை வேர்ட்பிரஸ் ஆறேழு அளவுகளில் வெட்டி வைக்கும், வூகாமர்ஸ் தன் பங்குக்கு இன்னும் மூன்று. ஐந்நூறு படம் ஐயாயிரம் கோப்பாவது இப்படித்தான். அதே கணக்கில் மின்னஞ்சலும் வைத்திருந்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு, கேஷ் பக்கங்களும் தனித்தனிக் கோப்பு. எல்லை முட்டிய நாளில் புதுப் படம் ஏறாது, மெயில் வராது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி என்று காட்டுவதால் காரணமும் பிடிபடாது. இரண்டு லட்சம் ஐநோடு இருந்தால் நம் கடைக்குத் தாராளம்.

சர்வர் எங்கே இருக்கிறது

வாங்குபவர்கள் தமிழ்நாட்டில் என்றால் மும்பை அல்லது வேறு இந்திய டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்ப சென்னையிலிருந்து 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் முதல் பக்கம் வர குறைந்தது மூன்று தடவை போய்வர வேண்டும். சர்வர் வேலையைத் தொடங்கும் முன்பே அரை நொடிக்கு மேல் போயிற்று. முதல் பைட் 0.8 நொடிக்குள் வருவது நல்லது என்பது கூகுளின் அளவுகோல், அதில் பெரும்பகுதி கடலடி கேபிளிலேயே தீர்ந்துவிடுகிறது. சிடிஎன் (பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்களில் நகல் வைக்கும் சேவை) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். படங்களுக்குச் சரியாகும். கார்ட் பக்கம் மூல சர்வரிலிருந்துதான் வர வேண்டும். சிங்கப்பூர், மலேசிய ஆர்டர்களே அதிகம் என்றால் சிங்கப்பூர் சர்வர் பொருந்தும், அது சென்னைக்கும் தூரமில்லை.

விலையும் ரினியூவலும்

மாதம் ரூ.149 என்று போட்டிருக்கும். 36 மாதம் மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்பது சிறிய எழுத்தில் இருக்கும். 5,364 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 6,330. ரினியூவல் விலை மாதம் 449 என்றால் அடுத்த மூன்று வருடத்துக்கு வரியோடு 19,070 ரூபாய்க்கு மேல். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது தொகையைத்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். மாதத்துக்கு ஐம்பது ரூபாய் கூடினாலும், பிடிக்காத இடத்தில் இரண்டு வருடம் மாட்டிக்கொள்வதைவிட மலிவு.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, ரினியூவலுக்கு கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட் 15,000 ரூபாய்க்கு மேற்பட்டால், ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓடிபி போட்டு ஒப்புக்கொள்ளாமல் நடக்காது. டாலரில் வசூலிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் இந்திய கார்டுக்கான இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் தரும் முன் அனுமதி) ஏற்பாடே இருக்காது. 'ஆட்டோ ரினியூவல் ஆன்' என்று பச்சையாகக் காட்டும், தேதி வரும்போது பணம் போகாது, தளம் நிற்கும். காலாவதிக்கு முப்பது நாள் முன்பாக போன் காலண்டரில் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.

அந்தப் பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் தராதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருவது இந்தக் கடைக்குப் போதும். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துத் தருகிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

'டாப் 10 ஹோஸ்டிங்' பட்டியல்களில் பெரும்பாலானவை கமிஷனுக்காக எழுதப்படுபவை. போட்டியாளர்கள் போல அவற்றில் ஒப்பிடப்படும் ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டுமே நியூஃபோல்ட் டிஜிட்டல் என்ற ஒரே குழுமத்தின் பெயர்கள்.

டொமைனை வேறு இடத்தில் வாங்குங்கள்

'ஒரு வருடம் டொமைன் இலவசம்' என்பதை விட்டுவிடுங்கள். ஹோஸ்டிங்கோடு சண்டை வரும் நாளில் டொமைனும் அவர்கள் கையில் இருக்கும். பணத்தைத் திரும்பக் கேட்டாலும் அந்த 'இலவச' டொமைனின் விலையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். டொமைன் விற்கும் தனிப் பதிவாளரிடம், கடை முதலாளியின் சொந்த மின்னஞ்சலில் வாங்குங்கள். தளம் கட்டித் தரும் தம்பியின் மெயிலில் பதிவாகி, அவர் வேறு வேலைக்குப் போனபின் கடைக்காரர்கள் சொந்தப் பெயருக்கே அலைவது இந்தத் தொழிலில் வாரம் ஒருமுறை நடப்பது. டாட் காம் வாங்கியதும் மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். டொமைன்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பதிவாளர் டொமைனை நிறுத்திவைக்கலாம். புதிதாகத் திறந்த தளம் மூன்றாவது வாரம் காணாமல் போனால் முதலில் ஸ்பேம் பெட்டியில் அந்தக் கடிதத்தைத் தேடுங்கள்.

பேக்கப், மெயில்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு இரண்டும் போயின. ஹோஸ்டிங் தரும் தினசரி பேக்கப் வசதிக்கு நல்லது, காப்பீடு ஆகாது. வாரம் ஒருமுறை கோப்புகளையும் டேட்டாபேஸையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பும் பிளகின் ஒன்று போடுங்கள். தீபாவளி மாதத்தில் டேட்டாபேஸ் மட்டும் தினமும். ஆர்டர்கள் அதில்தான் இருக்கின்றன.

ஆர்டர் உறுதிப்படுத்தும் மெயிலை ஹோஸ்டிங் சர்வரிலிருந்து அனுப்பாதீர்கள். அதே ஐபி முகவரியில் குடியிருக்கும் யாரோ ஸ்பேம் அனுப்பினால் உங்கள் மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் பதிவு (மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்ததென்று காட்டுபவை) கேட்கிறது. மெயில் அனுப்பும் தனி எஸ்எம்டிபி சேவை ஒன்றை இணைத்து, இரண்டு பதிவுகளையும் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

பணம் திரும்பக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் 30 நாள், பணம் கட்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். முதல் ஏழு நாளிலேயே இவற்றை முடித்துவிடுங்கள்.

1. பிஎச்பி 8.3 அல்லது அதற்கு மேல் தேர்ந்தெடுக்க முடிகிறதா பாருங்கள். வேர்ட்பிரஸ் பரிந்துரைப்பது அதைத்தான்.

2. தீம், பிளகின்கள், ஐம்பது பண்டங்கள் ஏற்றியபின் இரவு எட்டிலிருந்து பத்துக்குள் சோதியுங்கள். அதே சர்வரில் குடியிருக்கும் மற்ற தளங்களுக்கும் கூட்டம் வரும் நேரம் அது. கணினியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பட்டியலின் முதல் வரியில் சர்வருக்காகக் காத்திருந்த நேரத்தைப் படியுங்கள். கார்ட் பக்கத்தில் அது மூன்று இரவும் 1 நொடியைத் தாண்டினால் இடம் சரியில்லை.

3. பத்துப் பேரை ஒரே நேரத்தில் போனில் செக்அவுட் வரை போகச் சொல்லுங்கள். பிறகு ஹோஸ்டிங்கின் நிர்வாகத் திரையான சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தைத் திறந்து, எல்லை முட்டியதாக எதுவும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.

4. ஒரு பண்டத்தை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்கக் காசு கேட்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

5. ஞாயிறு இரவு சாட்டில் ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேளுங்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைவிட, கேட்டதற்கான பதில் வருகிறதா என்று பாருங்கள்.

'99.9 சதவீத அப்டைம் உத்தரவாதம்' பற்றி ஒரு வார்த்தை. 30 நாளில் 43 நிமிடம் தளம் நின்றாலும் அது 99.9தான். அதற்கு மேல் நின்றால் பல நிறுவனங்கள் தருவது மாதக் கட்டணத்தில் ஒரு சிறு கழிவு. போன ஆர்டருக்கு நஷ்டஈடு கிடையாது.

விபிஎஸ் (உங்களுக்கென்று சிபியு, ரேம் ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எப்போது? கேஷ் சரியாக வேலை செய்தும் 508 அடிக்கடி வந்தால். அப்போதும் 'மேனேஜ்டு' வகையாகப் பாருங்கள். இல்லையென்றால் லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். மலிவு விபிஎஸ்ஸை நிர்வகிக்க ஆளே இல்லாதவர்களுக்கு நல்ல ஷேர்டு திட்டமே பாதுகாப்பு.

இடம் மாற்ற முடிவு செய்தால், மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரம்) 300 நொடியாகக் குறையுங்கள். நகலெடுக்கத் தொடங்கியதிலிருந்து புதிய முகவரி எல்லோருக்கும் போய்ச் சேரும் வரை பழைய தளத்தில் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் பாதி ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழும். பழைய கணக்கை அன்றே மூடிவிடாமல் பத்து நாள் வைத்திருங்கள். மூடும் முன் அதிலுள்ள மெயில் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். நகலெடுக்க எல்லோரும் மறப்பது அதைத்தான்.