புது வீட்டில் வைஃபை: அமைப்பதும் கோளாறு பார்ப்பதும்

வெளிநாட்டில் வீடு பிடித்த முதல் வாரத்திலேயே இணைய இணைப்பு தேவைப்பட்டுவிடும். அரசு அலுவலகங்களில் சந்திப்புக்கு நேரம் பதிவு செய்வதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும், ஊரிலிருக்கும் பெற்றோருடன் காணொளியில் பேசுவதும் அதை நம்பியே நடக்கின்றன. வைஃபை சரியில்லை என்று சொல்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கோளாறு பல வேளைகளில் வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறது. வைஃபையிலேயே இருந்தாலும், பெட்டியை வைத்த இடம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணமாகிறது. ஆகவே விலை கூடிய ரூட்டர் ஒன்றை வாங்கக் கிளம்புவதற்கு முன், வீட்டு வாசல்வரை வரும் இணைப்பையும் வீட்டுக்குள் பரவும் வானலையையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

சுவரிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி, கேபிள் டிவி வயர், கண்ணாடி இழை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் சிக்னலைக் கணினிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றுவது மோடம். கண்ணாடி இழையாக இருந்தால் அந்த வேலையைச் செய்யும் சிறு பெட்டியை ஓஎன்டி என்பார்கள். வந்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் வலையில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஓர் ஐபி முகவரி கொடுப்பது ரூட்டர். கம்பியில் வருவதை வானலையாக்கித் தருவது ஆக்சஸ் பாயிண்ட். இணைய நிறுவனம் தரும் பெட்டியில் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. கோளாறு வரும்போதுதான் அது உதவும்.

ஊரிலிருந்து ரூட்டர் கொண்டுவந்திருந்தால் முதலில் அதன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். 220 முதல் 240 வரை என்று மட்டும் இருந்தால், 120 வோல்ட் மின்சாரம் உள்ள வட அமெரிக்கா போன்ற இடங்களில் அதை நம்ப முடியாது. அடுத்ததாக, ரூட்டரின் அமைப்புகளில் நாடு என்ற ஒரு தேர்வு இருக்கும். எந்தெந்த சேனல்களில் (வானலைத் தடங்களில்), எவ்வளவு வலுவில் ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் சட்டமாக வகுத்திருப்பதால், அதை இப்போது வாழும் நாட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சட்டச் சிக்கலோடு இன்னொரு விசித்திரமும் நேரும்: ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் பேசிக்கொண்டிருக்கும், வட அமெரிக்காவில் வாங்கிய மடிக்கணினியின் பட்டியலிலோ அந்த வைஃபையின் பெயரே தோன்றாது.

மாணவர் விடுதியிலோ, பலர் சேர்ந்து வாழும் வீட்டிலோ தங்கியிருப்பவர்கள், சொந்த ரூட்டரை மாட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். அனுமதி இருந்தாலும், சுவரிலிருந்து வரும் கேபிளை ரூட்டரில் வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில்தான் செருக வேண்டும். தவறி, உள் கருவிகளுக்கான லான் (LAN) போர்ட்டில் செருகினால், உங்கள் ரூட்டர் பக்கத்து அறைக்காரர்களுக்கும் முகவரி வழங்கத் தொடங்கி, அந்தத் தளத்தில் உள்ளவர்களின் இணைப்பையே நிறுத்திவிடக்கூடும். நிர்வாகத்தினர் தேடிவரும் காரணங்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

முதல் நாள் அமைப்பு

பெட்டி தபாலில் வந்துவிட்டது என்பதற்காக இணைப்பும் வந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. நிறுவனத்தின் கடிதத்தில் இணைப்பு செயல்படத் தொடங்கும் தேதி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு முன் என்ன செய்தாலும் இணைய விளக்கு எரியாது. அந்தத் தேதிக்குப் பின், மோடமை முதலிலும் ரூட்டரை அடுத்தும் இயக்கி, விளக்குகள் நிலைகொள்ளும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருந்து, மடிக்கணினியை ஒரு கேபிளால் லான் போர்ட்டில் இணையுங்கள். பிறகு உலாவியில் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும்.

சில நிறுவனங்களின் இணைப்புக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. இந்த முறைக்குப் பிபிபிஓஇ என்று பெயர். வேறு சிலவற்றுக்கு விலான் எண் ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும். அவற்றை வரவேற்புக் கடிதத்திலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கேபிள் டிவி வயர் வழியாக வரும் இணைப்பில் வேறொரு பழக்கம் உண்டு. அந்த மோடம் தன்னோடு முதலில் இணைந்த கருவியை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை ஏற்க மறுக்கும். ரூட்டரை மாற்றியவுடன் இணையம் வராவிட்டால், மோடமின் மின்சாரத்தைத் துண்டித்துச் சில நிமிடங்கள் கழித்து மறுபடி கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு கடவுச்சொற்கள் இருக்கின்றன: ஒன்று வைஃபையில் சேர்வதற்கு, மற்றது அமைப்புப் பக்கத்தில் நுழைவதற்கு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதைப் பெட்டி வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் மாற்றுங்கள். பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 அல்லது ஏஇஎஸ் குறியாக்கத்துடன் கூடிய டபிள்யூபிஏ2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய அச்சுப்பொறி எதுவும் இணைய மறுத்தால் இரண்டும் கலந்த முறையை வைக்கலாம். டபிள்யூஇபி என்ற முறையின் ஓட்டை 2001லேயே வெளிப்பட்டுவிட்டது. டிகேஐபி என்ற தேர்வு பாதுகாப்பைக் குறைப்பதோடு வேகத்தையும் 54 மெகாபிட்டுக்குள் கட்டிப்போடும். பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியில் பிறர் முயன்று கண்டுபிடித்துவிடக்கூடிய எட்டு இலக்க எண்ணால் சேரும் முறையும் அடங்கியிருப்பதால், அதை அணைத்து வைப்பதே நல்லது.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் அளவு ஒன்று இருக்கிறது. பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட். தமிழில் உயிர்மெய்யின் அகரமேறிய எழுத்தும் அதனுடன் வரும் குறியும் தனித்தனியே எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். சூரியகாந்தி என்ற பெயர் பார்வைக்கு ஆறெழுத்துதான், கணினிக்கு அது 33 பைட்; ஒரு பைட் கூடிவிட்டதால் ஏற்கப்படாது. தவிரவும், சில தொலைக்காட்சிகளும் அச்சுப்பொறிகளும் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகக் காட்டும். கடவுச்சொல்லை 8 முதல் 63 வரையிலான ஆங்கில எழுத்துகள், எண்கள், குறியீடுகளால்தான் அமைக்க வேண்டும். எந்த மொழியில் வைத்தாலும், குடும்பப் பெயரையும் வீட்டு எண்ணையும் வைஃபையின் பெயராக்காதீர்கள். தெருவில் போகிறவர்களுக்கும் அது தெரியும்.

எங்கே வைப்பது

புதிய அடுக்குமாடி வீடுகளில் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அலமாரி இருக்கும். கண்ணாடி இழை அங்கேதான் வந்து முடியும். அதனால் ரூட்டரையும் அங்கேயே, உலோகக் கதவுக்குப் பின்னால், மின் மீட்டருக்கு அருகில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வானலைக்கு இதைவிட மோசமான இடம் கிடைப்பது கடினம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும், குளிர்நாட்டு வீடுகளின் சுவர்க் காப்பில் ஒட்டிய அலுமினியத் தாளும், கம்பி பாவிய கான்கிரீட்டும் மரச்சுவரைவிடப் பல மடங்கு தடுக்கின்றன. ஓஎன்டி பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, நீளமான ஒரு கேபிளால் ரூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வீட்டின் நடுவாக, தோள் உயரத்துக்கு மேல், தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிக்காமல் வையுங்கள். பார்வைக்கு அழகாக இராது என்று வீட்டில் ஆட்சேபம் வரலாம். அந்த வாதத்தில் நான் ரூட்டரின் பக்கம்.

இடம் சரிதானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சிக்னலை அளக்கும் செயலிகள் அதை டிபிஎம் என்ற அலகில் காட்டும். எண் எதிர்க்குறியில் இருக்கும். சுழியத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு வலு. −50 மிக நன்று, −67 வரை காணொளி அழைப்பு தடையின்றி ஓடும், −80ஐத் தாண்டினால் இணைப்பு இருப்பதாகக் காட்டினாலும் வேலைக்கு ஆகாது. கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும், கதவைச் சாத்தியும் திறந்தும், நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்தில் நின்று பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் அது நெரிசல் மிக்கது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, குறைந்த தூரமே எட்டும். 6 கிகாஹெர்ட்ஸ் புதிய கருவிகளுக்கு மட்டுமே. 2.4இல் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தாலும் ஒவ்வோர் ஒலிபரப்பும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுப்பதால், ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். 1லும் 6லும் கூட்டமாக இருக்கிறது என்று 3ஐத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு பக்கத்தாரின் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறார். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்கள் ராடாருடன் பகிர்ந்துகொள்ளப்பட்டவை. அவற்றில் ராடார் சிக்னல் கேட்டால் ரூட்டர் உடனே வேறு சேனலுக்கு நகர வேண்டும் என்பது விதி. விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ அருகில் வசிப்பவர்கள், காரணமின்றி அவ்வப்போது இணைப்பு அறுவதாக உணர்ந்தால் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றை நிலையாக வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட்

ஒரு பெட்டி போதாத வீட்டுக்கு உடனே ரிப்பீட்டர் வாங்குவதே வழக்கம். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். சிக்னல் மெலிந்த இடத்தில் அதை மாட்டினால், மெலிந்ததையே மறுபடி பரப்பும். கேபிள் இழுக்க வழியிருந்தால், கையிலிருக்கும் பழைய ரூட்டரே நல்ல ஆக்சஸ் பாயிண்ட் ஆகும். அமைப்புகளில் ஆக்சஸ் பாயிண்ட் முறை என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லாவிட்டால், அதைத் தனியாக மடிக்கணினியோடு இணைத்து, முதலில் அதன் முகவரியை முதன்மை ரூட்டரின் வரிசையிலேயே வேறொன்றாக மாற்றுங்கள்; முதன்மை 192.168.1.1 என்றால் இது, முதன்மை ரூட்டர் பிற கருவிகளுக்கு வழங்காத எண்ணாகப் பார்த்து, 192.168.1.2 ஆகலாம். அதன் பிறகே, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்துக்கே திரும்ப முடியாமல் போகலாம். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் முதன்மையைப் போலவே வைத்து, சேனலை மட்டும் வேறாக்கி, இரு பெட்டிகளின் லான் போர்ட்டுகளையும் கேபிளால் இணையுங்கள். வான் போர்ட் காலியாக இருக்கட்டும். அதில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள் உண்டாகி, ஒரு பக்கத்து அச்சுப்பொறி மறுபக்கத்துக்குத் தெரியாது.

கேட்5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. தட்டைக் கேபிளைக் கதவடியிலும் சுவரோரப் பலகையின் மேலும் ஓட்டிவிடலாம். மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் அடாப்டர்கள் வீட்டின் வயரிங்கைப் பொறுத்தவை. திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குவது புத்திசாலித்தனம்.

கோளாறு பார்க்கும் வரிசை

எது சரியில்லாவிட்டாலும் முதலில் மடிக்கணினியைக் கேபிளால் ரூட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அதிலும் மெதுவாக இருந்தால் வைஃபையைத் தொடவே வேண்டாம், நிறுவனத்தை அழையுங்கள். வேகம் 95 மெகாபிட்டுக்கு அருகில் வந்து அசையாமல் நின்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால் கருவியின் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். ரூட்டரை மறுதொடக்கம் செய்து, வீட்டில் எங்கோ டிஎச்சிபி இயங்கும் இரண்டாவது பெட்டி இருக்கிறதா என்றும் தேடுங்கள். முகவரி சரியாக இருந்து, 1.1.1.1 என்ற எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் பதில் வருகிறது, தளங்களோ திறக்கவில்லை என்றால் பழுது, தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. ஒரே ஒரு கருவி மட்டும் இணைய மறுத்தால் அதில் அந்த வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேர்க்கலாம். ரூட்டரில் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் வன்பொருள் அடையாள எண்) வடிகட்டி வைத்திருப்பவர்கள், இக்காலக் கைபேசிகள் வைஃபையில் சேரும்போது தங்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டுகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் அறுந்தாலோ, யூஎஸ்பி 3.0 வன்தட்டை ரூட்டரில் செருகியதிலிருந்து மோசமானாலோ, குற்றவாளி 2.4 கிகாஹெர்ட்ஸ் இரைச்சல். கருவிகளை 5க்கு நகர்த்துங்கள். மாறாக, கேமராக்கள், விளக்குகள் போன்ற பல சிறு கருவிகள் 2.4ஐ மட்டுமே அறிந்தவை. அவற்றைச் சேர்க்கும் நேரத்தில் மட்டும் 5ஐ அணைத்துவிட்டுப் பிறகு இயக்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் முகம் மட்டும் எதிர்ப்பக்கத்தில் உறைந்துபோனால், வீட்டில் யாரேனும் ஒருவரின் கைபேசி புகைப்படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தில் சிறு பங்கே.

நிறுவனத்தை அழைக்கும்போது, கேபிளில் அளந்த வேகம், அளந்த நேரம், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்ற விவரங்கள் கையில் இருந்தால், பணியாளர் படிக்கும் கேள்விப் பட்டியலில் பாதியைத் தாண்டிவிடலாம். ரீசெட் துளையில் ஊசியைக் குத்தச் சொன்னால், அது மறுதொடக்கம் அன்று, எல்லா அமைப்புகளையும் அழிப்பது என்பதை அறிந்திருங்கள். பிபிபிஓஇ விவரங்களை எழுதிவைத்த தாள் அப்போதுதான் வேண்டும்.

முதல் ஆண்டில் வீடு மாறுவது சகஜம். வாடகைக்கு வந்த பெட்டியை அடாப்டரோடும் கேபிளோடும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வீட்டின் ரூட்டரில் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் அப்படியே வைத்துவிட்டால், உங்களிடமுள்ள ஒவ்வொரு கருவியையும் மறுபடி இணைக்கும் வேலை மிச்சமாகும்.