பிஹெச்டிக்கு லேப் தேடுகிறீர்களா? நைட்ரஜன் டேங்க் நோட்டைக் கேளுங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் காய்கறி வாங்கப் போனால் யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ பிடித்துக்கொள்கிறார்கள். “அக்கா, மூலக்கூறு மருந்தியலில் பிஹெச்டி பண்ணணும், எங்கே அப்ளை பண்றது?”

எங்கே என்பது சின்னக் கேள்வி. கெண்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், ஊட்ரமில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, நன்யாங்கின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி, புவன விஸ்தா பக்கம் பயோபோலிஸ் ஆய்வு வளாகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சிங்கா உதவித்தொகையைப் பாருங்கள். 4 ஆண்டுக்குக் கட்டணமும் மாதப்படியும் கிடைக்கும்.

யாரிடம் என்பதுதான் பெரிய கேள்வி. பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்தால் அவர் என்ன செய்தார் என்று தெரியும், லேப் எப்படி ஓடுகிறது என்று தெரியாது. நேரில் போங்கள். அவர் இல்லாத நேரத்தில் மாணவர்களோடு ஒரு தே குடித்துக்கொண்டே, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள். அப்புறம் நைட்ரஜன் டேங்க் நோட்டை, அதாவது திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கும் செல்களின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த செல், எத்தனையாவது பாசேஜ் (எத்தனை தடவை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தது), யார், எந்தத் தேதியில் உறைய வைத்தார், செல்களில் தொற்றிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குக் கடைசிச் சோதனை எப்போது. எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நான் கேட்காமல் சேர்ந்தேன். ஹெக்293 என்ற மனித செல்லில் பீட்டா-2 ஏற்பி, அதாவது அட்ரினலின் வந்து ஒட்டும் புரதம். அதைத் தூண்டும் ஐசோபிரினலின் மருந்தைப் போட்டு, செல்லுக்குள் உண்டாகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை அளப்பது என் வேலை. திங்கள்கிழமை வளைகோடு அழகாக வரும். வியாழக்கிழமை அதே மருந்து, அதே அளவு, பாதி விளைவு தரும் செறிவான இசி50 பத்து மடங்கு தள்ளிப் போயிருக்கும். என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். செல் வளரும் திரவமான மீடியம் கலங்கவில்லை, மைக்ராஸ்கோப்பில் செல்களும் நன்றாகவே தெரிந்தன. நான்காவது மாதம் பிஹெச்டி முடித்து அங்கே ஆய்வு செய்த ஒரு போஸ்ட்டாக் அக்கா, டிஎன்ஏவில் ஒட்டும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டுப் பார்த்தார். உட்கருவைச் சுற்றி ரவை தூவியதுபோல் நீலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா! அதற்குச் செல்சுவர் கிடையாது, மீடியத்தில் இருக்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. டேங்கில் இருந்த குப்பிகளிலோ மார்க்கரில் “ஹெக்” என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினோம். பிஹெச்டியைத் தொடரத் தேவையான தகுதித் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே புதுக் குப்பி வந்தால் தனி இன்குபேட்டரில் வையுங்கள். பிசிஆர் சோதனை சுத்தம் என்று சொன்னால், பாசேஜ் குறைவாக இருக்கும்போதே பத்துக் குப்பி உறைய வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை மறுபடி சோதியுங்கள். ஐசோபிரினலினை அன்றன்றைக்குக் கரையுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுக் கரைசல் இளஞ்சிவப்பானால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மூன்று வெவ்வேறு வாரங்களில் இசி50 ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை புதுச் சேர்மம் எதையும் தொடாதீர்கள். சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

அந்த நோட்டு பெரும்பாலும் லேப் மேனேஜரிடம்தான் இருக்கும். போகும்போது ஒரு பாக்கெட் முறுக்கு கொண்டுபோங்கள். உள்ளே சாப்பிடக்கூடாது, வெளியே வைத்துக் கொடுங்கள்.