புரட்டாசியில் ஓர் எழுத்தாளர் சந்திப்பு

கோவில்பட்டிப் பக்கம் வருடாந்திர எழுத்தாளர் சந்திப்பு வைக்கச் செப்டம்பரைப்போலத் தோதான மாதம் கிடையாது. பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனுக்கும் கு.அழகிரிசாமிக்கும் அதுதான் பிறந்த மாதம். 1923இல், ஒரே வார இடைவெளியில் பிறந்தவர்கள். ஆனால் மாதத்தின் முதல் பாதி வேண்டாம். ஆவணி முகூர்த்தம் முடிகிறவரை மண்டபம் கிடைப்பது பெரும்பாடு. புரட்டாசி பிறந்துவிட்டால் அதே மண்டபக்காரரிடம் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். சனிக்கிழமை பாதிப்பேர் பெருமாள் கோவிலுக்குப் போய்விடுவார்கள், அதனால் ஞாயிறு வையுங்கள். நம் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஆசிரியர்கள் அதிகம், காலாண்டுத் தேர்வு எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் லேசான வேலை. வருகிற எழுத்தாளரை உண்மையாகவே வாசித்த முப்பது பேரை அரங்கில் உட்காரவைப்பதுதான் பெரிய வேலை. அதை முந்தின அக்டோபரிலேயே தொடங்கிவிட வேண்டும். சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு இதற்கு நல்ல வழி வைத்திருந்தது. பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். வருடக் கடைசியில் அந்தப் பன்னிரண்டில் சிறந்தது எது என்று முடிவாகும், பன்னிரண்டும் சேர்ந்து புத்தகமாகவும் வரும். எங்கள் வாசகர் குழுவில் அந்த மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு, கதைகளைப் பேச மாதம் ஒரு கூட்டம் வைக்கிறோம். முதல் ஆறு கூட்டங்களில் யார் கதையும் பேசலாம். பங்குனிக்குள் விருந்தினரை முடிவுசெய்துவிட்டு, மிச்சக் கூட்டங்களில் அவர் புத்தகங்களை மட்டும் எடுப்போம். மாடியோ நூலகமோ பள்ளிக்கூட வகுப்பறையோ, இடம் எதுவானாலும் சரி. எட்டுப் பேர் வந்தாலும் கூட்டத்தை நிறுத்தக் கூடாது.

விருந்தினர் ஒருவர் போதும். நாலு பேரைக் கூப்பிட்டால் ஆளுக்கு அரைமணி நேரம் பேசிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். தொலைபேசியில் பேசும்போது, "அம்மா, உங்க கதைகளைத்தான் இப்ப மாசாமாசம் வாசிச்சிக்கிட்டிருக்கோம், ஒருநாள் முழுக்க உங்ககூடப் பேசணும்" என்று நேராகச் சொல்லுங்கள். எவ்வளவு தர முடியும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உறையை வந்த அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், வழியனுப்பும்போது கையில் திணிக்கக் கூடாது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். சென்னையிலிருந்து வருகிறவருக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை அன்றைக்கே போட்டுவிடுங்கள். காலையில் நிலையத்தில் போய் நிற்கிறவர் அவர் கதைகளில் இரண்டையாவது படித்தவராக இருக்கட்டும்.

நிகழ்ச்சியில் காலை நேரம் முழுக்கப் புதிதாக எழுதுகிறவர்களுக்கு. கதைகளை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம், நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அரங்கில் கதையை வாசித்து நேரத்தைக் கழிக்காமல் நேராகப் பேச்சுக்குப் போய்விடலாம். முதலில் பேசுகிறவர் கதையில் எந்த இடம் உயிரோடு இருக்கிறது என்று வரியைக் காட்டிச் சொல்ல வேண்டும், குறை அதற்குப் பிறகுதான். எழுதியவர் எழுந்து விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. தீப்பெட்டி ஆலைக்குப் போய் வந்து ராத்திரியில் எழுதுகிற ஒரு பெண்ணின் கதையை அறையில் உள்ள அத்தனை பேரும் படித்துவிட்டு வந்து பேசுவது எனக்கு இந்த நாளிலேயே பெரிய விஷயம். அந்த அமர்வில் விருந்தினர் பேச வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசகர்கள் மூன்று பேர் பத்துப் பத்து நிமிடம் விருந்தினரின் புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். அதன்பின் கேள்விகள்தான். கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் நடத்திவரும் விருது விழாவில் வாசகர்கள் எழுத்தாளரை நேருக்குநேர் கேட்கும் அமர்வுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். கூட்டத்துக்குள் சுற்ற ஒரு கம்பியில்லா மைக் கட்டாயம் வேண்டும். முதல் கேள்வியைக் கேட்க ஓர் இளைஞரை முன்பே தயார்செய்து வையுங்கள், மூத்தவர்கள் தொடங்கினால் அது சொற்பொழிவாகிவிடும். வாழ்த்துரை, பொன்னாடை, மாலை எதுவும் வேண்டாம். அந்தக் காசில் எல்லோருக்கும் டீயும் கடலைமிட்டாயும் கொடுக்கலாம்.

பெண்ணாக ஒன்று சொல்கிறேன். மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமிருந்து வருகிற பெண்களுக்குப் பேருந்து கவலை வந்துவிட்டால் கடைசி அமர்வில் மனம் நிற்காது.

பணத்துக்குப் பெரிய புரவலரைத் தேடாதீர்கள், அவர் மேடையில் நாற்காலி கேட்பார். உறுப்பினர்கள் மாதாமாதம் போடுகிற சந்தாவும் புத்தக விற்பனைக் கழிவும் சேர்ந்தால் சமாளிக்கலாம். விற்காததைத் திருப்பித் தருவோம் என்று பதிப்பகத்திடம் பேசிப் புத்தகம் எடுங்கள். வரவு செலவை அக்டோபர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த வருட மண்டபத்துக்கு முன்பணமாகக் கட்டிவிடுங்கள்.