சாதிப் பாகுபாட்டை ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் உளவியல், சமூகப்பணித் துறைகளின் முதுகலை மாணவர்கள் சாதி பற்றிய ஆய்வேட்டு முன்வரைவுகளுடன் வருகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை, பெரும்பாலும் அதே வரிசையில், அவர்களும் செய்கிறார்கள். மாதிரியின் அளவு போதாமை போன்றவற்றை எந்த நெறியாளரும் சுட்டிக்காட்டிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வார்ப்பெண்ணம், தப்பெண்ணம், பாகுபாடு மூன்றையும் குழப்புவது

முதலாவது, ஒரு குழுவினர் எல்லோரும் இப்படித்தான் என்ற நம்பிக்கை; இரண்டாவது, அவர்கள்மீதான வெறுப்புணர்வு; மூன்றாவது, அவர்களை வேறுபடுத்தி நடத்தும் செயல். ஒன்றுக்கான அளவுகோலால் மற்றொன்றை அளக்காதீர்கள்.

'சாதி பார்ப்பீர்களா?' என்று நேராகக் கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 'எல்லாச் சாதியினரையும் சமமாகக் கருதுகிறேன்' என்ற கூற்றைப் படிவத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் டிக் விழத்தான் செய்யும். வாடகை வீடுகள் பற்றிய ஆய்வொன்றுக்காக ஒரு மாணவியுடன் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் படிவம் முழுவதும் சமத்துவத்தின் பக்கமே டிக் செய்து கொடுத்தார். பிறகு காபி டம்ளரை நீட்டியபடி, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார். மாணவி ஊரைச் சொன்னார். "அங்க எந்தத் தெரு?" என்றவர், அடுத்து "குலசாமி எது?" என்றார். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே தமக்கு வேண்டியதை அவர் தெரிந்துகொண்டார். மாணவியோ அந்தப் படிவத்தைத் 'தப்பெண்ணம் குறைவு' என்ற பிரிவில் சேர்த்தார். அந்த மூன்று கேள்விகளும் அவருடைய களக்குறிப்பில்கூட இடம்பெறவில்லை. இத்தகைய படிவங்களைக் கூட்டி, நகரத்தில் சாதி மறைந்து வருகிறது என்று முடிவுரை எழுதிவிட்டால், வீடு மறுக்கப்பட்டவர் முறையிடும்போது அவருக்கு எதிராக நீட்டப்படும் சான்றாக அந்த அட்டவணை மாறிவிடும்.

சொல்லும் செயலும் பிரிந்து நிற்கும் என்பது பழைய செய்தி. அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர், சீனத் தம்பதியர் ஒருவருடன் அந்நாட்டைச் சுற்றியபோது 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்று மட்டுமே அவர்களை ஏற்க மறுத்தது. பின்னர் அஞ்சலில் கேட்டபோது, பதில் எழுதியோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சீனர்களை ஏற்கமாட்டோம் என்றார்கள். 1934இல் வெளியான அந்த ஆய்வில் சொல் கடுமையாகவும் செயல் மென்மையாகவும் இருந்தன. நம் வாடகைச் சந்தையில் பெரும்பாலும் இது தலைகீழ்.

ஆகவே செயலை அளக்க வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, செய்தித்தாள் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியும் வேறு வேறு பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிட்டால், அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. எந்த நிறுவனத்தையும் 'சாதி பார்ப்பீர்களா?' என்று அவர்கள் கேட்கவில்லை.

மதிப்பெண்ணைத் திறனாக வாசிப்பது

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி வெளிப்படாதவரை உயர்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர்; சாதிப் பெயரை எல்லோர் முன்னும் அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. தேர்வு அறையில் யார், எதை, எப்படி அறிவித்தார்கள் என்பதைக் குறிக்காத மதிப்பெண் பட்டியலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சேர்த்து உட்காரவைத்தால் போதும் என்று நம்புவது

வெவ்வேறு குழுவினர் பழகுவதால் தப்பெண்ணம் குறைய வேண்டுமானால் என்னென்ன தேவை என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே நிபந்தனைகள் சொன்னார்: சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ நடத்திய கிரிக்கெட் ஆய்வில், ஒரே அணியில் ஆடியோரிடையே பிற சாதி நட்பு கூடியது. எதிரணியாக மோதிய அனுபவம் அந்த நட்பைக் குறைத்தது.

உள்ளார்ந்த தொடர்புச் சோதனையைக் கொண்டு தனிமனிதருக்கு முத்திரை குத்துவது

குழுக்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் ஒருவர் எவ்வளவு விரைவாக இணைக்கிறார் என்பதைக் கொண்டு மறைவான சார்பை அளக்க முயலும் கணினிச் சோதனை இது. இதைக் கொண்டு முத்திரை குத்தக் கூடாது. அதே ஆள் மறுமுறை செய்தால் மதிப்பெண் மாறக்கூடும்.

கேள்வி கேட்டவர் யார் என்பதைப் பதியாமல் விடுவது

கேட்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று பதில் சொல்பவர் ஊகித்த பிறகே வாய் திறக்கிறார். அந்த ஊகத்தையும் எழுதிக்கொள்ளப் படிவத்தில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.