முதல் 72 மணி நேரம்: விடுதித் தோழிக்குத் துணை நிற்பது எப்படி?

விளக்கணைத்த விடுதி அறையில், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தோழி தொடங்கித் தனக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைச் சொன்னால், அந்தக் கணத்தில் அவளுடைய முதல் சுகாதாரப் பணியாளர் நீங்கள்தான். வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதாரப் பேரவை 1996-லேயே அறிவித்துவிட்டது. நம் கல்லூரிகளோ அதை இன்னும் ஒழுக்கப் பிரச்சினையாகவே பார்க்கின்றன.

ஏன் அங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்காதீர்கள். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா, காயம் உண்டா என்பதை மட்டும் கேளுங்கள். குளிக்கத் தோன்றுவது இயல்பு. தடயங்கள் அழியாதிருக்க மருத்துவரைப் பார்க்கும்வரை தள்ளிப்போடலாம் என்று மெதுவாகச் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம். வாளியில் ஊறப்போட்ட துணியை மீட்க முடியாது. உடையைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

மருத்துவமனைக்குப் போவதில்தான் அவசரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையோ தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். காவல்துறைக்கு மருத்துவமனை தகவல் தெரிவிக்கும். ஆனால், புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போட முடியாது. பரிசோதனைக்கு அவளது சம்மதம் கட்டாயம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது; யாராவது அதைச் செய்ய முனைந்தால் மறுக்கலாம்.

புகார் கொடுப்பது அவள் முடிவு. எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்; 181 (மகளிர் உதவி எண்), 112 (அவசர உதவி எண்) ஆகியவை உதவும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கச் சம்பவத்திலிருந்து மூன்று மாத அவகாசம் உண்டு, தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள் ஆண் மாணவர்களுக்கும் திருநர் மாணவர்களுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அவள் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆதரவு திரட்டுவதாக நினைத்துச் செய்தாலும், பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல் வந்தால் பாதியில் நிறுத்தத் தோன்றும். அலைபேசியில் அலாரம் வைப்பதும், சாப்பிட ஏதாவது வாங்கி வைப்பதும், மறுபரிசோதனை நாளில் கூடப் போவதும் உங்கள் வேலை. தூக்கமின்மையும் பயமும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.