பழைய ஆங்கிலச் சமையல் நோட்டைப் படிக்கப் பழகுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓரளவு வசதியான வீட்டுப் பெண்கள் கைப்பட எழுதிய சமையல் நோட்டுகள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. புட்டிங், ஊறுகாய், இருமல் மருந்து, மேஜைக்குப் பாலிஷ் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கும். அச்சிட்ட சமையல் புத்தகத்தைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். யாரிடம் யார் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்பது இவற்றில்தான் தெரிகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

படி 1: நோட்டைத் தேடுங்கள்

லண்டனில் உள்ள மருத்துவ வரலாற்று நூலகமும் அருங்காட்சியகமுமான வெல்கம் கலெக்‌ஷனின் இணையதளத்தில் இத்தகைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். 'ரெசிபி' (recipe) என்பதோடு 'ரிசீட்' (receipt) என்றும் தேடுங்கள். அன்று பலரும் அப்படித்தான் எழுதினார்கள். கையெழுத்து தெளிவாக உள்ளதையே முதலில் எடுங்கள்.

படி 2: படிக்காமல் புரட்டுங்கள்

கையெழுத்து எங்கே மாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா தொடங்கிய நோட்டை மகள் தொடர்ந்திருக்கலாம். நடுவில் எழுத்து தலைகீழாக இருந்தால் திகைக்க வேண்டாம். ஒரு பக்கமிருந்து சமையலும், நோட்டைத் திருப்பி மறுபக்கமிருந்து மருந்தும் எழுதுவதுண்டு.

படி 3: அப்படியே படியெடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். பட்டர், சுகர், ஃப்ளவர் (மாவு) போன்ற சொற்களை முதலில் கண்டுபிடியுங்கள். அவற்றிலிருந்தே அந்தக் கையின் எழுத்துகள் பிடிபடும். 'கிளாஸ்' போன்ற சொல்லில் இரட்டை எஸ் வந்தால், முதல் எஸ் நீண்டு எஃப் மாதிரித் தெரியலாம். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். அந்தப் பெண் எப்படி உச்சரித்தார் என்பதற்கு அதுவும் ஒரு தடயம். புரியாத இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து நிரப்பினால் பிறகு உங்களுக்கே எது மூலம், எது ஊகம் என்று தெரியாது.

படி 4: பெயர்களைத் தனியே எழுதுங்கள்

குறிப்பின் தலைப்பிலேயே அதைக் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தோழி மார்த்தா லாய்டின் நோட்டைப் பாருங்கள். ஜேனின் அம்மா ஒரு புட்டிங் செய்முறையைப் பாட்டாகவே எழுதித் தந்திருக்கிறார்! அதே நோட்டில் கறிப்பொடியும் உண்டு: மஞ்சள், அரத்தை தலா அரை அவுன்ஸ், மிளகாய்த்தூள் கால் அவுன்ஸ், அரிசிமாவு 2 அவுன்ஸ். தனியாவும் இல்லை, சீரகமும் இல்லை. நம் ஊர்ப் பொடி கடல் கடந்து போய் என்ன ஆனது என்பதை இந்த நாலு வரி காட்டிவிடுகிறது.

படி 5: அளவை மாற்றுங்கள்

அவுன்ஸ் சுமார் 28 கிராம், பவுண்டு 454 கிராம். சிக்கல் திரவ அளவான பைண்டில்தான். 1824 எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் பைண்டு 568 மில்லி. அதற்கு முந்தைய ஒயின் பைண்டு சுமார் 473 மில்லி. அமெரிக்க நோட்டென்றால் எப்போதும் 473தான். எனவே குறிப்பின் காலத்தை முதலில் கணியுங்கள். பேக்கிங் பவுடர் என்று வந்தால் பெரும்பாலும் 1843க்குப் பிந்தையது. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் அதை உருவாக்கியது அந்த ஆண்டில்தான்.

படி 6: சமைத்துப் பாருங்கள்

முதலில் பிஸ்கட் மாதிரி எளிய ஒன்றைக் கால் பங்கு அளவில் செய்யுங்கள். மருந்துக் குறிப்புகளை மட்டும் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அபின் கலந்த லாடனமும் ஈயச் சேர்மங்களும் அவற்றில் சாதாரணமாக வரும்.